ரீச்சர் மதில்

லண்டன் இல்ஃபோர்டில் எனக்குத் தெரியாத தெரு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு மினிகாப் அலுவலகத்தில் இருந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். ஸ்டேஷனுக்குப் பின்னால், முடிவெட்டும் கடைக்கு மேலே, ஜன்னல் திறக்காத ஓர் அறை. காதில் டெலிபோன், கையில் மைக், சுவரில் பெரிய வரைபடம். எங்கள் சாரதிகளில் பாகிஸ்தான்காரரும் ருமேனியரும் இருந்தார்கள். எல்லாருக்கும் நான் அக்காதான். எனக்குக் கோபம் வந்த நாட்களில் மட்டும் மேடம் ஆகிவிடுவேன்.

அந்தக் கதிரையில் இருந்தபடி நான் கண்டுபிடித்த முதல் விஷயம், எங்கள் தமிழ்ச் சனத்துக்குத் தெருப்பெயர் தேவையே இல்லை என்பது. "அக்கா, பனையடியில நிக்கிறன், கெதியா ஒரு வாகனம் அனுப்புங்கோ" என்பார்கள். இல்ஃபோர்டில் எங்கே பனை? ஒரு வெள்ளைக்காரரின் வீட்டு முற்றத்தில், மெலிந்த தண்டும் உச்சியில் வாள் மாதிரி இலைகளுமாக ஏதோ ஓர் அலங்காரச் செடி நெடுத்து வளர்ந்து நின்றது. பனைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தச் சந்திக்கு அதுதான் பெயர். ரயில் பாலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம் குளத்தடி. முன்பு ஒரு சொலிசிட்டர் அலுவலகம் இருந்த இடத்துக்கு எதிரே நிற்கும் மரம் விசா மரம். உள்ளே இருக்க இடமில்லாதவர்கள் அதன் கீழே நின்று தங்கள் விசாக் கேஸைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். இப்போது அந்த அலுவலகம் நகம் பூசும் கடையாகிவிட்டது. மரத்தின் பெயர் மாறவில்லை. புதுச் சாரதி வேலைக்கு வந்தால் முதலில் இதையெல்லாம் பாடமாக்க வைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட விடுவேன்.

இந்தப் பெயர்களைப் பதிந்து வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு லண்டனில் வரவில்லை. மகனுக்கு ஸ்கொட்லாந்தில், ஒரு நாட்டுப்புற ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. ஓய்வு பெற்றபின் போய் அவனோடு கொஞ்ச நாள் நின்றேன். அவன் ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்குத் துணை செம்மறி ஆடும் மழையும்தான். ஒரு பின்னேரம் ஊர் மண்டபத்தில் வெளிச்சம் தெரிந்தது. தேத்தண்ணி கிடைக்கும் என்று உள்ளே போனேன். நீண்ட மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாலைந்து பேர் தங்கள் பங்கின் இடப்பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பங்கு என்றால் கத்தோலிக்கரான எங்களுக்குக் கோயிலும் அதன் சனமும். அவர்களுக்கோ அது வயல், குன்று, ஓடை, இடிந்த வீடு எல்லாம் அடங்கிய ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் ஒரு கல்லுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள்.

வேலையை நடத்தியவள் என் வயதுக்காரி. சப்பாத்தெல்லாம் சேறு. ஒரு விவசாயி வந்து முன்னால் உட்கார்ந்தார். இந்த இடத்துக்கு என்ன பெயர், அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அவள் அவரிடம் கேட்கவே இல்லை. போன குளிர்காலம் ஆடுகள் எந்தப் பக்கமாகத் தப்பி ஓடின என்று கேட்டாள். மனிதர் கதை சொல்லத் தொடங்க, பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன: சவப்பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறும் கல், செருப்புத் தைப்பவரின் கிணறு, இப்படி. பிறகு அவள் எனக்கு விளக்கினாள். பெயரைக் கேட்டால் ஆட்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்களாம். வழியைக் கேட்டால்தான் உண்மையில் புழங்கும் பெயர் வெளியே வருமாம். அதுவும் ஒருவர் சொன்னால் போதாது. உறவில்லாத இன்னொரு வீட்டுக்காரரும், யாரும் தூண்டாமல், தன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. நான் இத்தனை வருடம் செய்த வேலையைத்தான் அவள் ஆட்டு மந்தைக்கு நடுவில் நின்று செய்துகொண்டிருந்தாள்.

இல்ஃபோர்டுக்குத் திரும்பியதும் எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பொறுப்பான சுவாமியிடம் போனேன். எங்கள் பங்கிலும் இப்படி ஒரு வரைபடம் செய்வோம், நம்முடைய ஆட்கள் சொல்லும் பெயர்களை மட்டும் போடுவோம் என்றேன்.

"செய்யுங்கோ அம்மா. பங்குத் திருநாளுக்கு மண்டபத்தில மாட்டுவம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சண்டை வராமல் செய்யுங்கோ" என்றும் சொன்னார். அவருக்கு என்னைத் தெரியும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிஸ் பலகாரமும் இருக்கும். நான் ஒரு மூலையில் மேசை போட்டு வரைபடத்தை விரித்தேன். வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான்: "கோயிலால வீட்டை எப்படிப் போறனீங்கள்?" பாதிப் பேர் நான் காரில் இடம் கேட்கிறேன் என்று நினைத்து நழுவப் பார்த்தார்கள். பிடித்து உட்கார வைத்தேன். பனையடி வந்தது, குளத்தடி வந்தது, எனக்கே தெரியாத சிலதும் வந்தன. தமிழ்நாட்டில் இருந்து வந்து புதிதாக எங்கள் பங்கில் சேர்ந்திருந்த ஒரு பெண், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை செய்பவள், மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "இத நான் அழகா வரைஞ்சு தர்றேன் ஆன்ட்டி" என்றாள். நான் உடனே ஆமென் சொன்னேன். என் கையெழுத்து டாக்டராகிய என் மகனுக்கே புரியாது.

அந்த முதல் ஞாயிறே ஓர் அண்ணையும் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், டை கட்டாமல் கோயிலுக்கு வராதவர். போன வருடம்தான் அவருடைய மனைவி காலமாகியிருந்தார்.

"தங்கச்சி, ரீச்சர் மதில் போட்டாச்சோ?"

"அது எது, அண்ணை?"

கடைத்தெருவில் இருந்து அவருடைய வீட்டுக்குப் போகும் வழியில் தெரு வளைகிற இடம். அங்கே ஒரு வீட்டுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் மதில். அவருடைய மனைவி ஊரில் ஆசிரியை. இங்கே வந்து என்னென்னவோ வேலை செய்தாலும் பங்கில் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். முழங்கால் வருத்தம். சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது அந்த மதிலோடு கால் நின்றுவிடும். அவர் அதில் உட்கார்ந்துவிடுவார். அண்ணை பைகளை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிப்போகத் திரும்பி வருவார். இது வாராவாரம் நடந்திருக்கிறது. நானும் அந்த வழியால் போகும்போது ரீச்சரை அதில் கண்டிருக்கிறேன். சுகம் விசாரித்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன்.

"ரீச்சர் மதில் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது" என்றார்.

"ஆர் சொல்லுறது?"

"எல்லாரும்தான்."

இந்த ஊரின் பெயர்களைக் காதாலேயே கேட்டுப் பிழைத்தவள் நான். அந்தப் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கிற மனிதர். அதனால் சத்தம் போடாமல் விதியை எடுத்துச் சொன்னேன். இரண்டு வீடு, உறவில்லாதவர்கள், தூண்டாமல் சொல்ல வேண்டும். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கவனம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த தமிழ்ப் பூசையில் நான் கேள்வியை முடிக்குமுன் பதில் வந்தது. "கோயிலால வெளிக்கிட்டு, ரீச்சர் மதிலைத் தாண்டி, வீட்டை போறனாங்கள்." அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக வந்த அம்மா சொல் பிசகாமல் ஒப்புவித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. நாலாவது ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அப்டன் பார்க்கில் இருக்கிறவர்.

"ரீச்சர் மதிலைத் தாண்டி..." என்று தொடங்கினார்.

"அப்டன் பார்க்குக்கு ஏன் அதால போறீங்கள்? அது மற்றப் பக்கம் எல்லோ?"

மனிதர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். "அண்ணைதான் அக்கா, இப்பிடிக் கேட்டால் இப்பிடிச் சொல்லச் சொன்னவர்."

விசாரித்தால் கதை முழுக்க வந்தது. பங்குச் சபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரியே அண்ணை ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். போன இடமெல்லாம், தன் வீட்டில் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையில் ஒரு கொத்து வேறு கொடுத்திருக்கிறார். லண்டனில் கறிவேப்பிலைக் கொத்தோடு வருகிறவருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சனமும் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறது.

கோட்டு மாட்டும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "அண்ணை, இது எலக்‌ஷன் இல்லை. பெயர் தானா வரவேணும். நீங்கள் சொல்லிக்குடுத்து ஆக்கள் சொன்னால் அது பெயரே?"

அவர் சண்டைக்கு வரவில்லை. கோட்டை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆத்துமாக்கள் திருநாளுக்கு நீங்கள் எல்லாரும் சேமக்காலைக்குப் போறீங்கள். அவையவையின்ர கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறீங்கள். நான் எங்க போய்க் கொளுத்துறது? மகளைப் பாக்க எண்டு கனடாவுக்குப் போனவ, அங்கயே முடிஞ்சு போனா. எனக்கு இந்த இருதயத்தோட பிளேன் ஏற ஏலாது எண்டிட்டினம். அடக்கத்தைப் போனிலதான் பாத்தனான். முப்பது வருசம் நடந்து திரிஞ்ச ஊரில அவவுக்கெண்டு ஓரிடம் இல்லை, தங்கச்சி. அந்த மதில்தான் இருக்கு."

யாரும் பார்க்காத நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. நான் போட்டால் அது வரைபடத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஒருவரும் சொல்லாத பெயரை மண்டபத்துச் சுவரில் மாட்டினால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அது தானே கெஞ்சி வாங்கியது என்று அவருக்குத் தெரியும். அவருடைய மனைவிக்கு அதைவிட நல்லது கிடைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது.

"ஏலாது, அண்ணை" என்றேன்.

அவர் கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்க வாங்கு வரிசையில் போய் இருந்தார். பங்கில் என் தலை உருண்டது. என் தங்கை வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து போன் எடுத்து, "ஒரு பெயரை எழுதினால் உனக்கென்ன குறைஞ்சுபோகும்?" என்று கேட்டாள். ஒன்றும் குறையாதுதான். நான் செய்தது சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. இருந்தும் சோறு இறங்கவில்லை.

திருநாளுக்கு முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை. வரைபடத்தை முடிப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பெண் முதல் தடவையாக என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வரவேண்டிய நேரம் கடந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு. எங்க நிக்கிறேன்னே தெரியல. போன்ல சார்ஜும் போகப்போகுது."

எனக்குள் பழைய கட்டுப்பாட்டு அறை விழித்துக்கொண்டது. "பதறாதேங்கோ பிள்ளை. பக்கத்தில என்ன தெரியுது?"

"ஒரு வீட்டு முன்னாடி பனை மாதிரி ஒண்ணு... ஓ, இதுதான் பனையடியா?"

"ஓம், அதேதான். அதை இடக்கைப் பக்கம் விட்டிட்டு நேர வாங்கோ. தெரு வளையும். வளைவில ரீச்சர் மதில், முழங்கால் உயரம்தான் இருக்கும். அதில நில்லுங்கோ, நான் வாறன்."

போனை வைத்துவிட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்தேன். அப்போதுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கு உறைத்தது. ஒரு காலில் சப்பாத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தூண்டவில்லை. வழி தவறிய ஒருத்திக்கு வழி சொல்லும் அவசரத்தில் வந்த பெயர் அது. அந்த வளைவுக்கு என் மண்டைக்குள் வேறு பெயர் இல்லை. அண்ணைதான் நச்சரித்து நச்சரித்து அதை என் தலைக்குள் போட்டார் என்பது உண்மை. ஆனால் பனையடியையும் யாரோ ஒருவர்தான் முதலில் சொல்லியிருப்பார். அவரும் மற்றவர்களை நச்சரித்திருக்கலாம். அந்த ஸ்கொட்லாந்துக்காரி இதைக் கேட்டால் மேசையில் தட்டிச் சிரித்திருப்பாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் மதிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணையின் கதை இவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை போல, எடுத்த எடுப்பில் கேட்டாள்: "எந்த டீச்சர் ஆன்ட்டி?"

சொல்லத் தொடங்கினேன். முழங்கால் வருத்தம், சாமான் பைகள், கனடா. "அவங்க என்ன சப்ஜெக்ட் எடுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை இதே இடத்தில் நின்று சுகம் விசாரித்திருக்கிறேன். அதை ஒரு தடவை கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. போனை எடுத்து அண்ணையைக் கூப்பிட்டேன். எடுப்பாரோ என்று பயந்தேன். எடுத்தார்.

"அண்ணை, நான்தான். மதிலடியில நிக்கிறன். ஒரு பிள்ளை ரீச்சரைப் பற்றிக் கேக்குது, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஒருக்கா வருவீங்களே?"

வந்தார். கழுத்தில் டை, காலில் வீட்டுச் செருப்பு. அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இருங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார். "கணக்கு. அவ கணக்கு ரீச்சர்."

"ஐயோ, கணக்கு டீச்சர்னாலே எனக்குப் பயம் அங்கிள்."

"எல்லாருக்கும் பயம்தான். எனக்கும்" என்றார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இந்த மதிலில் கொப்பியை வைத்து ரீச்சரிடம் கணக்குக் கேட்பார்களாம்; தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல. பிழை விட்டால் குடைப்பிடியால் மதிலில் தட்டுவாராம். நான் எதிலும் குறுக்கிடவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"நீங்களும் இருங்கோவன், அண்ணை" என்றேன்.

"நான் இதில இருந்ததே இல்லை, தங்கச்சி. எப்பவும் கையில மீன் பை எல்லோ, கெதியா வீட்டை போகவேணும்."

சொல்லிவிட்டுக் கையால் செங்கல்லைத் தடவிப் பார்த்து, உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நான் தெருவின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெயரைப் போடுறன், அண்ணை" என்றேன். "வழி சொல்லேக்க தானா வந்திட்டுது."

"ஆரின்ர வாயில?"

"என்ர வாயிலதான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு வீடுதானே. ரெண்டு வீடு வேணும் எண்டனீங்கள். விதி எண்டால் விதி."

என்னிடமே விதி கதைக்க வந்துவிட்டார். அந்தப் பெண் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் தலையில் கை வைத்தாள். லேப்டாப்பின் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம். என் போனை வாங்கிக் கணவனைக் கூப்பிட்டாள். சத்தம் வெளியே கேட்டது.

"எங்க வரணும்?"

"பனையடி தாண்டி நேரா வாங்க. நான் டீச்சர் மதில்ல உக்காந்திருக்கேன்."

"டீச்சர் மதிலா? அது எங்க இருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணை கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவில, தம்பி" என்றார். "ஆறுதலா வாங்கோ. நான் இதிலதான் இருப்பன்."